பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'விமானம் ஏறப் பயப்படுவது நியாயமா, வீண் பயமா?' இதுதான் இன்றைய தலைப்பு. நியாயம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் சாலை விபத்துக் கணக்கை எடுத்து வைத்தார். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள்; அந்த ஆண்டு அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு; அப்படியிருக்க, பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்குகிறவர் விமானத்தில் ஏன் நடுங்க வேண்டும் என்று கேட்டார். கணக்கு சரி. ஓர் எண்ணைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு யாருக்குச் சாதகம்? சாலையில் நமக்குப் பயமே கிடையாது. ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறோம்; போலீஸைப் பார்த்தால்தான் அது தலைக்கு வருகிறது. பயம் இல்லாத இடத்தில் இத்தனை சாவு. பயந்து பயந்து நடத்துகிற விமானத் தொழிலில் சாவு குறைவு. நண்பர் தந்த கணக்கை எங்கள் அணிக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே.

அந்தத் தொழிலிலும் பயம் குறைந்த நேரத்தில் என்ன நடந்தது? 2010 மே 22. துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த விமானம். குன்றைச் சமப்படுத்திப் போட்ட ஓடுதளம், முடிகிற இடத்தில் பள்ளம். இறங்க வேண்டிய உயரத்துக்கு வெகு மேலே விமானம் வந்துகொண்டிருந்தது. துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' என்றார். அதாவது, இப்போது இறங்க வேண்டாம், மேலே ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கலாம் என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை. 158 பேர் இறந்தார்கள்.

பத்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. கொரோனா காலத்தில் துபாயிலிருந்து ஊர் திரும்பியவர்கள். கொட்டுகிற மழை, அங்கேயும் மேட்டு ஓடுதளம். அங்கேயும் துணை விமானி 'கோ அரவுண்ட்' என்றார். ஓடுதளத்தில் கிட்டத்தட்டப் பாதி தூரம் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. இரண்டு விமானிகளையும் சேர்த்து 21 உயிர்கள். இதெல்லாம் விசாரணை அறிக்கைகளில் இருப்பவை. இறந்துபோனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கேப்டன்களும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த அனுபவசாலிகள். ஆனால் இரண்டு இடத்திலும் சரியாகச் சொன்னவர் யார்? பயந்தவர்.

1977-இல் டெனெரிஃப் தீவில், மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். அங்கேயும், கிளம்பிக்கொண்டிருந்த விமானத்தில் விமானிகளோடு உட்கார்ந்திருந்த பொறியாளர், 'அந்த இன்னொரு விமானம் ஓடுதளத்தை விட்டு விலகிவிட்டதா?' என்று கேட்டிருக்கிறார். விலகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லிவிட்டு கேப்டன் நிறுத்தாமல் ஓட்டினார். அதற்குப் பிறகுதான், சின்னவர் பயந்து ஒன்றைச் சொன்னால் பெரியவர் காது கொடுக்க வேண்டும் என்பதை விமானிகளுக்குப் பயிற்சியாகவே வைத்தார்கள்.

ஜப்பானைச் சொல்லாமல் என்னால் உட்கார முடியாது. 1985 ஆகஸ்ட் 12. ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள். ஏழு வருடத்துக்கு முன் வால்பக்கத்தில் செய்த ரிப்பேர் சரியில்லை, அதுதான் காரணம். அந்த நிறுவனம் அந்த விமானத்தின் சிதைந்த பாகங்களை 2006-இல் டோக்கியோ ஹனேடா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடத்தில் வைத்தது. கடைசி நிமிடங்களில் பயணிகள் வீட்டுக்கு எழுதிய வரிகளும் அங்கே இருக்கின்றன. ஊழியர்களை அங்கே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். விபத்துக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் அந்தப் பயம் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறார்கள். 2024 ஜனவரி 2, அதே ஹனேடாவில் அதே நிறுவனத்தின் விமானம் கடலோரக் காவல் படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் பையை எடுக்காமல் இறங்கிப் பிழைத்தார்கள்.

'வல்லுநர்கள் பார்த்துக்கொள்வார்கள், பயணிக்கு எதற்குப் பயம்?' என்றும் எதிரணியில் கேட்டார்கள். போயிங் 737 மேக்ஸ் விமானத்தையும் வல்லுநர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் அந்த ரக விமானம் விழுந்து 189 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, கோளாறைச் சரிசெய்யாவிட்டால் அந்த ரகத்தின் ஆயுளில் 15 விபத்துகள் வரை நடக்கலாம் என்று அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பு உள்ளுக்குள் கணக்குப் போட்டது. ஆனாலும் பறக்க விட்டார்கள். ஐந்தே மாதத்தில் எத்தியோப்பியாவில் இன்னும் 157 பேர். அந்த நேரத்தில் மேக்ஸில் ஏற மாட்டேன் என்று சொன்ன பயணியை எப்படிக் கோழை என்பது?

சரி, விமானமே வேண்டாம் என்று நாங்கள் சொல்கிறோமா? இல்லை. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு விமானத்துக்குப் பயந்து காரில் போய் அமெரிக்கச் சாலைகளில் இறந்தவர்கள் ஏராளம். பயத்தோடு ஏறுங்கள் என்பதுதான் எங்கள் பேச்சு.

மகளின் பிரசவம் பார்க்க, அறுபது வயதில் முதல் முறையாக விமானம் ஏறும் அம்மாக்கள் நம் ஊரில் எத்தனை பேர்! 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் 260 உயிர்கள் போனதை அவர்களும் டிவியில் பார்த்தார்கள். 'இதுக்குப் போய் பயப்படுவாங்களா?' என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. சிரிக்காமல் விளக்கிச் சொல்லுங்கள். 'அம்மா, கிளம்பினதும் காலுக்குக் கீழே தட்டென்று கேட்கும், சக்கரம் உள்ளே மடங்குகிறது. அப்புறம் இன்ஜின் சத்தம் குறையும், நின்றுவிடவில்லை, ஏறுவதற்குப் போட்ட வேகத்தைக் குறைக்கிறார்கள். இறக்கை ஆடும், வளைந்து கொடுக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். பெல்ட்டை மட்டும் கழற்றாதே.' 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் நடுவானில் குலுங்கியதில் ஒருவர் இறந்தார், பலருக்கு முதுகெலும்பில் அடி. பயந்துபோய் பெல்ட்டோடு உட்கார்ந்திருக்கும் அம்மா செய்வது சரியான காரியம். அவசர வழி எங்கே என்று பணிப்பெண் கைகாட்டும்போது கண் எடுக்காமல் பார்ப்பவரும் அந்த அம்மாதான்.

அவர் பக்கம் தீர்ப்பு தாருங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.