இடாப்பில் இருக்கும் ஊர்

வணக்கம் நேயர்களே.

மட்டக்களப்பில் பள்ளிக்கூட வரலாறு என்றால் எல்லாரும் 1814 இலிருந்துதான் தொடங்குவோம். அந்த ஆண்டு இங்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. மறு ஆண்டு ஏப்ரலிலேயே அவர் காலமாகிவிட்டார். பிறகு 1873 இல் புனித மிக்கேல் கல்லூரி, 1929 இல் விபுலாநந்த அடிகளின் சிவானந்த வித்தியாலயம். இவையெல்லாம் நன்றாக எழுதப்பட்ட வரலாறுகள்.

நகரத்து ஆரம்பப் பாடசாலைகளுக்கு அந்தக் கொடுப்பினை வாய்ப்பது குறைவு. ஐந்தாம் ஆண்டோடு பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விடும். வளர்ந்தபின் பழைய மாணவர் என்று சொல்லிக்கொள்வது பெரிய கல்லூரியின் பேரைத்தான். ஆனா ஆவன்னா எழுதப் பழக்கிய இடத்தை இப்படி மறப்பது எனக்கு ஆறவே இல்லை.

அந்த வரலாறு அதிபரின் அலுமாரிக்குள் இருக்கிறது. ஒன்று, பள்ளியில் சேரும் பிள்ளைகளின் விபரம் பதியும் சேர்விடாப்பு. மற்றது, பள்ளியில் நடந்தவற்றைக் குறித்துவைக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகம். ஐம்பதுகளின் சேர்விடாப்பு ஒன்றை அண்மையில் புரட்டினேன். ஓரமெல்லாம் செல்லரித்த தாள், நீல மையில் சரிந்த கையெழுத்து. தகப்பன் தொழில் என்ற நிரலில் மீன்பிடி, மேசன், தட்டார், கச்சேரிப் பியோன், தேத்தண்ணிக்கடை என்று வரிசையாக வருகிறது. வாவி சூழ்ந்த புளியந்தீவின் நெருக்கமான ஒழுங்கைகளில் யார் யார் குடியிருந்தார்கள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே வாங்குதான்.

விலகிய காரணம் என்ற நிரல்தான் என்னை நிறுத்தியது. ‘வறுமை’ என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. 1945 இலேயே இலவசக் கல்வி வந்துவிட்டது. கட்டணம் போனது, கொப்பிக்கும் உடுப்புக்கும் காசு வேண்டியிருந்தது. இலவசப் பாடநூல் கிடைக்க 1980 ஆனது, சீருடைத் துணிக்கு 1993 ஆனது. இடையில் இருந்த அந்தப் பிள்ளைகளின் கதையை எந்த விழா மலரிலும் நான் வாசித்ததில்லை.

1960, 61 இல் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றது, 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 சுனாமி, இடம்பெயர்ந்த சனங்களுக்கு வகுப்பறைகளைத் திறந்துவிட்ட நாட்கள், எல்லாம் சம்பவத் திரட்டில் ஏறவேண்டிய செய்திகள். ஆனால் சூறாவளியும் கடலும் எத்தனையோ இடங்களில் கட்டடத்தோடு புத்தகத்தையும் கொண்டுபோய்விட்டன. மிஞ்சியவை கறையானுக்கும் மழை ஒழுக்குக்கும் நடுவில் கிடக்கின்றன.

நகரத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு பழைய அலுமாரி வைக்கவும் இடம் போதாது என்பது எனக்குத் தெரியும். புது வகுப்பறை கட்டும்போது முதலில் வெளியே போவதும் அந்த அலுமாரிதான். அதிபர்மாரே, எறியமுன் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். கைத்தொலைபேசி போதும். நேயர்களே, அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் பழைய விடுகைப் பத்திரமோ வகுப்புப் படமோ இருந்தால், ஒரு பிரதி எடுத்து அந்தப் பள்ளிக்கூடத்தில் கொடுங்கள். படத்தின் பின்பக்கம் ஆண்டையும் தெரிந்த பேர்களையும் எழுதிக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.