பெயரைக் கேட்டால் உண்மை வராது

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், சேலத்து வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்து அமர்ந்திருக்கும் அவையினருக்கும் வணக்கம்.

கல்லூரியை மேம்படுத்த மாணவரிடம் கருத்துக் கேட்கும்போது பெயரோடு கேட்பதா, பெயரின்றிக் கேட்பதா என்பது இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர், பெயரில்லாத கருத்து மொட்டைக் கடிதத்துக்குச் சமம் என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். மொட்டைக் கடிதம் யாரும் கேட்காமல், ஒருவரைக் கவிழ்ப்பதற்காகப் போடப்படுவது. இங்கே கேட்பவர்களே நாம்தான். கலை அறிவியல் கல்லூரிகளில் ஒரு தாளின் 100 மதிப்பெண்ணில் 25 உள்மதிப்பீடாக ஆசிரியர் கையில் இருப்பது பரவலான வழக்கம். அந்த 25-ஐக் கையில் வைத்துக்கொண்டு, ‘நான் எப்படிப் பாடம் நடத்துகிறேன், பெயரெழுதிச் சொல்’ என்று கேட்டால், எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும்?

நானும் ஆசிரியைதான், என் பிழையிலிருந்தே தொடங்குகிறேன். பணிக்கு வந்த முதல் சில ஆண்டுகள் பருவத்தின் கடைசி வகுப்பில் நானே தாளைக் கொடுத்து, நானே வாங்கி வைப்பேன். எல்லாத் தாள்களிலும் ‘மிக நன்று’ என்றே இருக்கும். அதை நம்பி மகிழ்ந்தும் இருக்கிறேன். பெயர் எழுதச் சொல்லவில்லையே என்று அப்போது எனக்குள் பெருமிதம்கூட உண்டு. ஆனால் ஒரு பருவம் முழுவதும் அவர்களுடைய தேர்வுத்தாள்களைத் திருத்திய எனக்கு, ‘ழ’கரத்தின் சுழியைப் பார்த்தாலே எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. (இதில் எழுத்து அழகாக இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.)

பின்னர் நான் பணியாற்றிய வேறொரு கல்லூரியில் கணினியில் படிவம் வந்தது. பெயர் இல்லை, ஆனால் துறை, ஆண்டு, பாலினம், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. என் வகுப்பில் ஏற்காட்டிலிருந்து தினமும் இறங்கி வந்த மாணவி ஒரே ஒருவர். அந்த நான்கு கட்டங்களையும் நிரப்பிய பிறகு அவர் பெயர் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? ‘குறை ஏதுமில்லை’ என்று முடித்துக்கொண்டார். மறு ஆண்டு அந்தக் கட்டங்களை எடுத்துவிட்டு, எல்லாத் துறைகளின் பதில்களையும் ஒன்றாகக் கலந்து, வகுப்பெடுக்காத ஒருவர் தொகுத்துத் தந்தார். அப்போதுதான், மலையிலிருந்து வரும் பலர் ஒரே செய்தியை எழுதியிருந்தது தெரிந்தது. மழைக்காலத்தில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்கேனும் பேருந்து நின்றுவிடுகிறது, முதல் பாடவேளையில் வைக்கும் தேர்வு போய்விடுகிறது, வருகைப்பதிவும் குறைகிறது. அவர்கள் கேட்டதெல்லாம் தேர்வை இரண்டாம் பாடவேளைக்கு மாற்றச் சொல்லித்தான். ஒரு பைசா செலவில்லாமல் அதைச் செய்துவிட்டோம்.

பெயர் வெளிப்படாமல் கருத்துச் சொல்ல விடுவது நாடு ஏற்றுக்கொண்ட நெறியும்கூட. 2013-க்கு முன்பு, எந்த வேட்பாளருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் அதை வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லி, பதிவேட்டில் குறிக்கச் செய்து கையொப்பமிட வேண்டியிருந்தது. அங்கே அமர்ந்திருக்கும் கட்சி முகவர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வேண்டாம் என்பவருக்கும் இரகசியம் உண்டு என்று தீர்ப்பளித்த பிறகே நோட்டாப் பொத்தான் வந்தது. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பும், 2017-இல் திருத்திய முறையில் மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பைச் சேர்த்தபோது, வினாக்களை மாணவர்களின் மின்னஞ்சலுக்கு நேராக அனுப்பும் வழியையே தேர்ந்தெடுத்தது. அதன் 21 வினாக்களில் கடைசி வினா, கற்றல் கற்பித்தல் மேம்பட மூன்று ஆலோசனைகளைச் சொந்தச் சொற்களில் எழுதச் சொன்னது. நம் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வாங்குபவர்கூட, தரத்தை விற்பவர் வாயால் மட்டும் கேட்டு முடிவு செய்வதில்லையே.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், துன்புறுத்தல் போன்ற குற்றச்சாட்டுகளைப் பெயரின்றி எப்படி விசாரிப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் அது புகார் பற்றிய கேள்வி. புகாருக்குப் பெயர் வேண்டும், இரு தரப்பையும் கேட்க வேண்டும். அதற்காகவே பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகள் குறைதீர்க்கும் குழுவையும், அதற்கு மேல் ஒரு குறைதீர்ப்பு அலுவலரையும் கட்டாயமாக்கியுள்ளன. கருத்து என்பது வேறு. நூலகம் ஐந்து மணிக்கு மூடப்படுகிறது, ஆய்வகத்தில் ஒரு கருவியைச் சுற்றி ஆறு பேர் நிற்கிறோம் என்பதற்கு விசாரணையும் தேவையில்லை, சாட்சியும் தேவையில்லை. போய்ப் பார்த்தால் போதும். பெயரில்லாவிட்டால் சிலர் வசைபாடுவார்கள் என்பதையும் மறுக்கவில்லை. எனக்கும் வந்திருக்கிறது, அன்றிரவு உறக்கம் கெட்டது உண்மை. தொகுப்பவர் அந்த வரிகளை நீக்கிவிடலாம்; ஆனால் அச்சத்தால் எழுதப்படாத வரிகளை எந்தத் தொகுப்பாளரும் மீட்டுத் தர முடியாது.

மணி அடித்துவிட்டது, ஒன்று மட்டும் சொல்லி அமர்கிறேன். அந்த மறு ஆண்டுத் தொகுப்பில் என் பாடத்தைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: ‘அம்மா கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறார்கள், பின்வரிசைக்குக் கேட்பதில்லை.’ அத்தனை ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான ‘மிக நன்று’களுக்கு இடையே யாரும் எனக்குச் சொல்லாத செய்தி அது. இன்று உங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். பெயர் எழுதும் கட்டம் ஒன்று அந்தப் படிவத்தில் இருந்திருந்தால் அந்த வரி எனக்கு வந்திருக்குமா என்பதை, நடுவர் அவர்களே, எதிரணியினரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.