காலரா சாதுவாகிவிடுமா?

நேயர்களுக்கு வணக்கம். 'எந்தக் கிருமியும் நாள்பட நாள்படச் சாதுவாகிவிடும், நோயாளியைக் கொன்றால் அதற்குத்தானே நஷ்டம்' என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். அதை நம்பி இருந்துவிடக் கூடாது என்றுதான் இன்று காலராவை எடுத்துக்கொண்டேன். நம் பாட்டிமார் வாந்திபேதி என்று சொல்லி நடுங்கிய நோய்.

சளி பரவ வேண்டுமென்றால் நோயாளி எழுந்துபோய் நாலு பேரைப் பார்க்க வேண்டும். காலராவுக்கு அது தேவையில்லை. அம்பாசமுத்திரத்தில் ஒருவர் சுருண்டு கிடந்தாலும், அவர் துணியை ஆற்றில் அலசினால் போதும். தாமிரபரணி கிருமியைச் சேரன்மகாதேவிக்குக் கொண்டுபோய்விடும். பேதி எவ்வளவு போகிறதோ, அவ்வளவு கிருமி தண்ணீரில் சேரும். ஆளை முடக்குவதால் கிருமிக்கு இழப்பே இல்லை. இதை வைத்துத்தான் பால் ஈவால்ட் என்ற அமெரிக்க உயிரியலாளர், குடிநீரைக் காப்பாற்றினால் கொடிய வகைகள் பின்தங்கும் என்று வாதிட்டார். எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்தல்ல. எனக்கு அதில் பெரும்பகுதி நியாயமாகப் படுகிறது.

அந்தக் கொடுமை எங்கிருந்து வந்தது? காலராக் கிருமி இயல்பில் கழிமுகத்து உப்புத்தண்ணீரில் வாழ்வது. அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை காலராவை உண்டாக்குவதில்லை. அது கக்கும் நச்சுதான் குடலிலிருந்து நீரைக் கொட்டவைக்கிறது என்று 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற ஆய்வாளர் காட்டினார். 1996-இல் வால்டோர், மெக்கலானோஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இன்னொன்றைக் கண்டார்கள்: நச்சுக்கான மரபணு கிருமியின் சொந்தச் சொத்தே அல்ல, ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது. கிருமிக்குள் நுழைய அந்த வைரஸ் பற்றுவது ஒரு மெல்லிய இழையை. குடலில் தங்கிப் பெருகக் கிருமிக்கு வேண்டியதும் அதே இழைதான்! எலிக்குடலுக்குள் இந்தக் கைமாற்றம் மும்முரமாக நடப்பதையும் அவர்கள் பார்த்தார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1961-க்குப் பிறகு உலகைச் சுற்றிய எல் டோர் என்ற காலராக் கிருமி வகை, அதற்கு முன் பரவிய பழைய வகையைவிடச் சாது. தொற்றியவர்களில் பலருக்கு நோயே தெரியாது, நடமாடிக்கொண்டே பரப்பினார்கள். சரி, அடங்கிவிட்டது என்று பார்த்தால், 1990-களில் வங்கதேசத்தில் பழைய வகையின் நச்சு மரபணுவைச் சுமந்த எல் டோர் கிருமிகள் தென்பட்டன.

ஆகவே ஆற்றில் சாக்கடை விடுவதைத் தடுக்கக் குரல் கொடுங்கள். மழைக்காலத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால் உப்புச்சர்க்கரைக் கரைசலை உடனே கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் காலராவில் இறப்பவர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. நன்றி, வணக்கம்.