தறி நாடா ஏன் தெறிக்குதுனு சிசிடிவில கண்டுபிடிக்க முடியுமா?

வணக்கமுங்க. தறியில ஊடை நூலை, அதாவது குறுக்கு நூலைச் சுமந்துட்டு இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் பறக்கற கட்டைக்குப் பேருதான் நாடா. சோமனூர்ப் பக்கம் தறிப்பட்டறை வெச்சிருக்கற அண்ணன் ஒருத்தர் போன்ல கேட்டாருங்க. "தம்பி, ஒரே தறியில நாடா அடிக்கடி தெறிச்சு வெளிய விழுது. பட்டறையிலதான் சிசிடிவி மாட்டியிருக்குதே, அதுல ஒண்ணைத் தறிக்கு நேராத் திருப்பி வெச்சு, பதிவை ஸ்லோவா ஓட்டிப் பாத்தா எதனாலனு தெரிஞ்சிராதா?"

தெரியாதுங்க. எப்பத் தெறிச்சுதுனு தெரியும், எதனாலனு தெரியாது. ஏன்னு கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன். ஹை ஸ்பீடு கேமரானு சொல்லி சிசிடிவிக்குக் காசைப் போடறவங்க நம்ம பக்கம் நெம்பப் பேர் இருக்கறாங்க.

மொதல்ல அந்தத் தறியோட கணக்கைப் பாக்கலாம். சாதா நாடாத் தறி, நிமிஷத்துக்கு 150 ஊடை, அதாவது 150 தடவை குறுக்கு நூல் ஓடுதுனு வெச்சுக்குங்க. செகண்டுக்கு ரெண்டரை. அப்ப ஒரு ஊடைக்கு 0.4 செகண்ட். அதுலயும் நாடா பறக்கறது சுமாரா மூணுல ஒரு பங்கு நேரந்தான். மிச்ச நேரம் தறியோட ரெண்டு ஓரத்துலயும் இருக்கற பெட்டிக்குள்ள நிக்குது. ஆக, நாடா இந்தப் பெட்டியில கிளம்பி அந்தப் பெட்டியில போய்ச் சேர 0.13 செகண்ட். சிசிடிவி நம்ம ஊர்ல செகண்டுக்கு 25 பிரேம் எடுக்கும். அப்ப நாடா பறக்கறது முழுசுக்கும் உங்களுக்குக் கிடைக்கறது மூணே படம். செகண்டுக்கு 10 மீட்டர் வேகம்னு போட்டாக்கூட, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல நாடா 40 சென்டிமீட்டர் தாண்டிப் போயிருக்கும். நாடாவை அடிச்சு அனுப்பற குச்சி, பிக்கிங் ஸ்டிக், உதைக்கற அந்த உதை இருக்குதே, கோளாறு பெரும்பாலும் அங்கதான் பொறக்குது, அது ஒரு படத்துல சிக்குனா உண்டு, இல்லைனா இல்லை. இதே நாடா இல்லாம காத்தாலயே ஊடையைத் தள்ளற ஏர்ஜெட் தறியா இருந்து நிமிஷத்துக்கு 600 ஓடுச்சுனா, ஒரு ஊடைக்கு ரெண்டரை படந்தான் வரும்.

அந்த மூணு படமாவது தெளிவா இருக்குமானா, அதுவும் இருக்காதுங்க. இங்கதான் எல்லாரும் ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கறாங்க. பிரேம் ரேட் வேற, ஷட்டர் வேற. செகண்டுக்கு எத்தனை படம்ங்கறது பிரேம் ரேட். ஒவ்வொரு படத்துக்கும் சென்சார் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குதுங்கறது ஷட்டர். பட்டறைக்குள்ள வெளிச்சம் கம்மி, கேமரா ஆட்டோவுல இருக்கும், அதுவா 1/50 செகண்டுக்குப் போயிக்கும். அந்த நேரத்துக்குள்ள நாடா 20 சென்டிமீட்டர் நகருது. படத்துல நாடா தெரியாது, ஒரு சாம்பல் தீத்தல்தான் தெரியும்.

மெனுவுக்குள்ள போய் ஷட்டரை 1/1000ல நிறுத்திப் பாருங்க. தீத்தல் ஒரு சென்டிமீட்டராக் குறையும், நாடாவோட முனைகூடத் தெரியும். ஆனா வெளிச்சம் 20ல ஒரு பங்காயிருமுங்க. படம் இருட்டும், கேமரா அதைச் சரிக்கட்டப் பாத்து புள்ளிபுள்ளியாக் கெடுத்து வெக்கும். தறிக்குப் பக்கத்துலயே நல்ல விளக்கு ஒண்ணு தனியாக் கட்டோணும்.

இன்னொண்ணு. சிசிடிவி சென்சார் படத்தை ஒரே நேரத்துல எடுக்கறதில்லை, மேல இருந்து கீழ வரி வரியா வாசிக்கும். அதுக்குப் பேரு ரோலிங் ஷட்டர். நேரா நிக்கற பிக்கிங் ஸ்டிக் வேகமா ஆடறப்ப சாஞ்சும் வளைஞ்சும் தெரியும். ஸ்டிக் வளைஞ்சிருச்சுனு நம்பி நீங்க புதுசு வாங்கி மாட்டிருவீங்க. பேக்டரி சோதனைக்குனே வர்ற குளோபல் ஷட்டர் சென்சார்ல இந்தத் தொல்லை கிடையாது.

சரி, அதே சிசிடிவிய 1000 பிரேம் எடுக்கற மாதிரி ஏன் செய்யறதில்லை? சென்சார் ஒரு காரணம்னாலும், பெரிய தடை அதுக்குப் பின்னால இருக்குதுங்க. 1080 படம் ஒண்ணு, சுருக்காம வெச்சா, சுமாரா 2 எம்பி. செகண்டுக்கு ஆயிரம்னா 2 ஜிபி. 1 டிபி டிஸ்க் எட்டே நிமிஷத்துல ரொம்பிரும். சிசிடிவி பண்றது இதுக்கு நேர் எதிர் வேலை. எச்.265 மாதிரி முறையில சுருக்கி, செகண்டுக்கு அரை எம்பில முடிச்சுக்குது. ஒரு நாளைக்கு ஒரு கேமராவுக்கு 43 ஜிபி. அதே டிஸ்க்குல ஒரு கேமரான்னா மூணு வாரம் ஓடும். அப்படிச் சுருக்கறப்ப பெருசா மாறாத இடத்தையெல்லாம் முந்தின படத்துல இருந்தே எடுத்து ஒட்டிக்கும். சின்னதா, வேகமா ஓடற நாடாவோட விவரந்தான் அதுல மொதல்ல அடிபடறது.

நிஜ ஹை ஸ்பீடு கேமரா பதிவை நேரா டிஸ்க்குக்கு அனுப்பறதில்லைங்க. உள்ள இருக்கற மெமரியிலயே சுத்திச் சுத்தி எழுதிட்டு இருக்கும். சம்பவம் நடந்த உடனே பட்டனை அமுத்துனா, அதுக்கு முந்தின சில செகண்டை மட்டும் காப்பாத்திக் குடுக்கும். க்ரோனோஸ் 1.4னு ஒரு கேமரா, 1280க்கு 1024 அளவுல 1069 பிரேம் எடுக்குது, இதே வழியிலதான். தறி ஓட்டறவங்க காசு போட்டு வாங்கற சாமான் இல்லைங்க அது.

அப்ப என்ன பண்றது? உங்க ஜோப்புல இருக்கற போனை எடுங்க. நெம்பப் போன்ல 240 பிரேம் இருக்குது. அந்த 0.13 செகண்டுக்கு மூணு படத்துக்குப் பதிலா 30 படம் கிடைக்கும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நாடா நகர்றது நாலு சென்டிமீட்டர்தான். ஸ்டிக் உதைக்குது, அதுல மாட்டி நாடாவை நேராத் தொடற பிக்கர் தள்ளுது, நாடா மூக்கைத் தூக்குதா இல்லையா, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பிக்கர் தேஞ்சிருந்தாலோ, வார் தளர்ந்திருந்தாலோ, பாவு நூல் (நீளவாக்குல ஓடற நூல்) அறுந்து வழியில சிக்கியிருந்தாலோ பிடிச்சிரலாம். ஒரு விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. 960 பிரேம்னு போடற போன் சிலதுல நடுவுல இருக்கற படத்தை மென்பொருளே கற்பனை பண்ணி நிரப்பும். கல்யாண வீடியோவுக்கு அது போதும். கோளாறு தேடறப்ப நடக்காத ஒண்ணை நடந்ததாக் காட்டிரும். 240 நிஜப் படம் போதுமுங்க.

போன்ல எடுக்கறப்ப படம் விட்டு விட்டு மின்னுச்சுனா பயப்படாதீங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி ட்யூப் செகண்டுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியுது, 240ல அது தெரிஞ்சிருது. பகல்ல கதவைத் தொறந்து வெச்சு எடுங்க.

ஸ்பின்னிங் மில்லுல வேலை செய்யறவங்க, விட்டு விட்டு மின்னற விளக்கான ஸ்ட்ரோபோஸ்கோப்பைச் சொல்லுவீங்க. நல்ல கருவிங்க. நிமிஷத்துக்கு 18,000 சுத்தற ஸ்பிண்டில் அசையாம நிக்கற மாதிரி காட்டிரும். ஆனா ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நடக்கறதுக்குத்தான் அது ஆகும். எப்பவோ ஒருக்கா தெறிக்கற நாடாவுக்கு ஆகாது.

உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளா, அதாவது மாட்டு வண்டிப் பந்தயம் நடத்தற தம்பிங்களுக்கும் இதே கணக்குதான். செகண்டுக்கு 12 மீட்டர் ஓடற ஜோடி, 25 பிரேம்ல ஒரு படத்துக்கு 48 சென்டிமீட்டர் நகருது. எல்லைக்கோட்டுல சிசிடிவிய வெச்சு நேரத்தைத் தீர்ப்புச் சொன்னா மாடு வளக்கறவங்களுக்குப் பண்ற அநியாயமுங்க. 240ல அது அஞ்சு சென்டிமீட்டர்.

இப்ப அந்த அண்ணனுக்கு நான் சொன்னதைச் சொல்றேன். சிசிடிவியத் தறிக்குத் திருப்புங்க, வேண்டாங்கலை. ஷட்டரை 1/500க்கு வைங்க, வெளிச்சத்தையும் இருட்டையும் சமன்படுத்தற டபிள்யூடிஆர் வசதி இருந்தா அணைச்சிருங்க. ஓட்டறவங்க மூஞ்சிக்கு வெக்காம மெஷினுக்கு வைங்க, வெக்கறதை அவங்ககிட்டச் சொல்லிட்டு வைங்க. ஒரு போன்ல ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு கேமரா முன்னாடி காட்டுங்க, பதிவை ஒவ்வொரு படமா நகத்திப் பாருங்க. 25னு போட்டிருக்கற டிவிஆர் (சிசிடிவி பதிவுப் பெட்டி) பலது 12, 15தான் பதியும், அது அங்க தெரிஞ்சிரும். பொறவு ஒரு வாரப் பதிவுல நாடா தெறிச்ச நேரத்தையெல்லாம் குறிங்க. தார் (நாடாவுக்குள்ள ஊடை நூல் சுத்தியிருக்கற குழல்) தீரப்போற நேரமா, கரண்ட் போய் வந்து தறிய எடுக்கற நேரமா, மதியச் சூட்டுலயானு ஒரு ஒழுங்கு கிடைக்கும். அந்த நேரம் வர்றப்ப போனை 240ல வெச்சுப் புடிங்க.

போனை ஸ்டாண்டுல மாட்டி, தறிக்கு முன்னால, பக்கவாட்டுல தள்ளி வைங்க. பெட்டிக்கு நேர்க்கோட்டுல மட்டும் வேண்டாம், நீங்களும் அங்க நிக்காதீங்க. நாடா முனை இரும்பு, தெறிச்சா அந்தக் கோட்டுல வேகமா வரலாம். எடுத்த வீடியோவை அனுப்புங்க, அடுத்ததுல அதைப் படம் படமா நிறுத்திப் பாக்கலாமுங்க.