விஸ்காம் சேரப் போகிறீர்களா? ஒலியைக் கவனியுங்கள்

[திரையில்: கல்லூரி ஸ்டுடியோ. கேமராவைச் சுற்றி மாணவர்கள்.]

பிளஸ் டூ முடித்துவிட்டு விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறேன் என்றால் வீட்டில் வரும் முதல் கேள்வி, "கேமரா வாங்கித் தரணுமா?" கேமரா இருக்கட்டும். இந்தப் படிப்பில் பலரும் கண்டுகொள்ளாமல் விடுவது ஒலியைத்தான்.

[திரையில்: கிளாப் பலகை, மிக நெருக்கத்தில்.]

கிளாப் எதற்கு அடிக்கிறார்கள்? படம் கேமராவில் பதிவாகிறது, வசனம் பெரும்பாலும் தனி ரெக்கார்டரில். பலகையின் கட்டை மூடும் ஃபிரேமுக்கு, அதாவது அந்த ஒற்றைப் படத்துக்கு நேராக அந்த 'டக்' சத்தத்தை வைத்தால் இரண்டும் பொருந்திவிடும். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். மூன்று நான்கு ஃபிரேம் தள்ளிப்போனாலே உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

[ஒலி: மூன்று நொடி முழு மௌனம்.]

இப்போது என் குரலோடு அறையின் ஒலியையும் அறுத்துவிட்டோம். வீடியோ நின்றுவிட்டதோ என்று நினைத்திருப்பீர்கள். ஆளில்லாத அறைக்கும் ஒரு ஒலி உண்டு: பக்கத்து அறை ஏசி, தூரத்தில் போகும் ஆட்டோ. இதை 'ரூம் டோன்' என்பார்கள். காட்சி முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, அரை நிமிடமாவது அதை மட்டும் பதிவு செய்ய வேண்டும். வசனத்தை வெட்டும்போது விழும் பள்ளங்களை நிரப்புவது அதுதான். பசியோடு நிற்கும் பதினைந்து பேரை அந்த அரை நிமிடம் பிடித்து நிறுத்தப் பழகுவதுதான், என்னைப் பொறுத்தவரை, கல்லூரிக்குப் போய்ப் படிப்பதன் பெரிய லாபம். தனியாக யூடியூப் பார்த்து அது வராது.

[திரையில்: தரமணி வளாகம்.]

சரி, எங்கே படிப்பது? கலைக் கல்லூரிகளில் விஸ்காம் மூன்றாண்டுப் பட்டம். போட்டோ, விளம்பரம், சினிமா என எல்லாவற்றையும் தொட்டுப் போகும். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் தனித்தனிப் படிப்பு. பட்டம் முடித்தவர்களுக்கு 1960-இல் தொடங்கிய புனே திரைப்பட நிறுவனம் (எஃப்டிஐஐ) இருக்கிறது. 2009-இல் ஒலிக்கலவைக்கு ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி அங்கே படித்தது ஒலிதான்.

[திரையில்: ஹெட்ஃபோன் மாட்டிய மாணவி.]

கல்லூரியைப் பார்க்கப் போனால், கடைசி ஆண்டு மாணவர்களின் குறும்படங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஹெட்ஃபோனில் கேளுங்கள். வசனம் எதிரொலிக்கிறதா? வெட்டுக்கு வெட்டு பின்னணி மாறுகிறதா? அப்புறம், நீளக் கம்பில் மாட்டிப் பிடிக்கும் பூம் மைக்கை எத்தனை பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள், சனி ஞாயிறு வெளியே கொண்டுபோக விடுவார்களா என்பதையும் மாணவர்களிடமே விசாரியுங்கள்.