ஹாட் ஃபஸ்: அந்த முதல் ஒரு மணி நேரத்தைத் தாண்டுங்க

வணக்கம் மக்களே! இன்னிக்கு ஒரே ஒரு படம்தான். ஹாட் ஃபஸ், 2007ல வந்த இங்கிலாந்துப் படம். எட்கர் ரைட் டைரக்‌ஷன். அவரும் ஹீரோ சைமன் பெக்கும் சேர்ந்து எழுதினது.

லண்டன்ல நிக்கோலஸ் ஏஞ்சல்னு ஒரு போலீஸ். மத்தவங்களை விட 400 சதவீதம் அதிகமா ஆளுங்களைப் புடிச்சு உள்ள தள்றவர். இவரால நமக்குக் கெட்ட பேருன்னு மேலதிகாரிங்களே சேர்ந்து, சாண்ட்ஃபோர்டுங்கிற சின்ன ஊருக்குத் தூக்கி அடிச்சிடறாங்க. அங்க தப்பிச்சுப்போன அன்னப்பறவையைப் புடிக்கிறதும் ஒரு கேஸ்!

வந்தப்பவே விமர்சகர்கள் கொண்டாடின படம் இது. விமர்சனங்களைத் தொகுக்கிற ராட்டன் டொமேட்டோஸ் தளத்துல 90 சதவீதத்துக்கு மேல. ஆனா பாராட்டினவங்கள்லயே சில பேர் ஒரு குறை சொன்னாங்க: ரெண்டு மணி நேரம் ரொம்ப நீளம், சண்டை வர்றதுக்கே நேரமாகுதுன்னு. எனக்கு அதுல துளிகூட உடன்பாடு இல்ல.

ஏன்னு சொல்றேன். இனிமே கதை கொஞ்சம் வெளிய வரும், பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.

ஒரு விவசாயி கொட்டகையில துப்பாக்கிக் குவியலுக்கு நடுவுல பழைய கடல் கண்ணிவெடி ஒண்ணு கிடைக்கும். அதைக் கொண்டுவந்து ஸ்டேஷன்ல வச்சிடுவாங்க. நாமளும் சிரிச்சிட்டு மறந்துடுவோம். ஏஞ்சலோட கூட்டாளி போலீஸ் டேனி, அதான் நடிகர் நிக் ஃப்ராஸ்ட், முள்கரண்டியால கண்ணைக் குத்திக்கிட்ட மாதிரி கெச்சப்பை வச்சு ஏமாத்துவான் பாருங்க, அதையும் மறந்துடுவோம். கடைசிப் பகுதியில ரெண்டும் திரும்பி வருது! கெச்சப் ஒரு உயிரைக் காப்பாத்துது, கண்ணிவெடி ஸ்டேஷனையே தூக்குது. முன்னாடி விதைக்காம இதை எப்படி அறுக்கிறது?

அதே மாதிரி, போலீஸ் ரிப்போர்ட் எழுதற சீனை ரைட் துப்பாக்கிச் சண்டை மாதிரியே வெட்டி ஒட்டியிருக்காரு. பேனா, காகிதம், டக் டக் டக்னு. கதையை எழுதறதுக்கு முன்னாடி ரைட்டும் பெக்கும் நிறைய போலீஸ்காரங்களை நேர்ல பார்த்துப் பேசியிருக்காங்க. அந்த உழைப்பு தெரியுது.

இன்னொண்ணு. ஷூட்டிங் நடந்தது இங்கிலாந்துல இருக்கிற வெல்ஸ்ங்கிற ஊர்ல, ரைட் வளர்ந்த ஊர். அங்க பிரமாண்டமான கதீட்ரல், அதாவது பெரிய தேவாலயம் இருக்கு. சின்ன ஊர்க் கதைக்கு அது ஒத்துவராதுன்னு ஃப்ரேம்லேர்ந்து கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டாங்க. சொந்த ஊர்த் தேவாலயத்தையே கதைக்காக அழிக்கிற மனுஷன், வேண்டாத சீனையா விட்டு வைப்பாரு?

பாதியில நிறுத்தினவங்க இந்த வாரம் முழுசாப் பாருங்க. எந்தச் சின்ன விஷயம் திரும்பி வந்துச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க, எல்லாத்தையும் படிப்பேன்.