சீஸும் சர்க்கரையும்
(மதுரை தெப்பக்குளத்தில் நடைப்பயிற்சி செய்வோர் கூட்டத்தில் ஒரு மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் மாலை வணக்கம். நடந்து முடித்து வியர்வை காய்வதற்குள் உங்களை உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கேள்விச் சீட்டுகளில் பாதிக்கு மேல், சர்க்கரை நோய் உள்ளவர்கள் சீஸ் சாப்பிடலாமா என்றுதான் இருக்கின்றன. முன்பெல்லாம் இந்த மாதிரிக் கூட்டங்களில் மாம்பழம் சாப்பிடலாமா, நாவல்கொட்டைப் பொடி கேட்குமா என்றுதான் கேட்பார்கள். இப்போது தோசைக்கல்லிலும் சீஸ் உருகுகிறது, பரோட்டாவுக்குள்ளும் சீஸ் போகிறது. பேரப்பிள்ளைகளுக்காக வாங்கிய பாக்கெட் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. தாத்தாவுக்குக் கை நீளுவது இயற்கைதானே.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சீஸ் தனியாக உங்கள் இரத்தச் சர்க்கரையைப் பெரிதாக ஏற்றாது. பாலின் இனிப்புக்குக் காரணம் லாக்டோஸ். 200 மில்லி பாலில் அது 9 கிராமுக்குக் குறையாமல் இருக்கும். சீஸ் செய்யும்போது பாலைத் திரைய வைத்து வடிக்கிறார்கள். லாக்டோஸில் பெரும்பகுதி அந்தத் தெளிந்த நீரோடு போய்விடுகிறது. மிச்சத்தை நுண்ணுயிரிகள் தின்று புளிப்பாக்கிவிடுகின்றன. மாதக்கணக்கில் முதிர வைத்த செடார் போன்ற கெட்டிச் சீஸில் 100 கிராமுக்கு மிஞ்சினால் மூன்று கிராம் மாவுச்சத்து இருக்கும். சர்க்கரையை மட்டும் வைத்துப் பார்த்தால், நீங்கள் காலையில் குடிக்கும் பாலைவிட அது சாது.

ஆனால் ஒரு கிலோ கெட்டிச் சீஸுக்கு ஏறத்தாழ பத்து லிட்டர் பால் வேண்டும். பாலின் கொழுப்பெல்லாம் சுருங்கி அதற்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. 100 கிராம் செடாரில் சுமார் 400 கலோரி, 33 கிராம் கொழுப்பு. அதில் 20 கிராம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு. ஒரு நாளைக்கு 2,000 கலோரி உண்பவருக்கு நிறைவுற்ற கொழுப்பின் மேல்வரம்பே சுமார் 22 கிராம்தான். ஆகவே நான் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 30 கிராம், சின்னத் தீப்பெட்டி அளவு. அதுவும் தினமும் வேண்டும் என்பதில்லை.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். மதுரையில் யாராவது சீஸைத் தனியாகத் தின்று பார்த்திருக்கிறீர்களா? (சிரிப்பு) மைதாவின் மேல் வைத்துத்தான் தின்கிறோம். 100 கிராம் மைதாவில் ஏறத்தாழ 75 கிராம் மாவுச்சத்து. பீட்சா, சாண்ட்விச், சீஸ் பரோட்டா எல்லாவற்றிலும் சர்க்கரையை ஏற்றும் வேலையைச் செய்வது அடியில் இருக்கும் மாவு. பழி மட்டும் மேலே இருக்கும் சீஸுக்கு.

இங்கே சீஸ் ஒரு தந்திரமும் செய்கிறது. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கொழுப்பு, இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்க்கிறீர்கள். குளுக்கோமீட்டர் 150 காட்டுகிறது. "பீட்சா எனக்கு ஒத்துக்கொள்கிறது, டாக்டர்" என்று மறுநாள் வந்து சொல்கிறீர்கள். அந்த மாவு இன்னும் முழுவதும் இறங்கவே இல்லை ஐயா. நான்கு, ஐந்து மணி நேரம் கழித்து, நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது ஏறுகிறது. காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் எண் எகிறிக் கிடக்கும், காரணமும் புரியாது. சாப்பாட்டுக்கு முன் விரைவாக வேலை செய்யும் இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது இன்னும் தொல்லை. ஊசி மருந்து தன் வேலையை முடித்து ஓய்ந்த பிறகுதான் சர்க்கரை வந்து சேரும். அப்படிப்பட்ட உணவு என்றைக்காவது சாப்பிட நேர்ந்தால், படுக்கப் போகும் முன்பும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஊசி அளவை உங்கள் மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. அதே ஆய்வின் உணவுக் கணக்கில், இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதனால் நான் கேட்கும் கேள்வி வேறு. சீஸ் உங்கள் தட்டில் எதை வெளியேற்றிவிட்டு உட்காருகிறது? நான்கு இட்லியில் இரண்டைக் குறைத்துவிட்டு அந்த இடத்துக்கு வந்தால் லாபம். நெய் தோசைக்கு மேல் கூடுதலாக வந்தால் நட்டம். உண்மையைச் சொன்னால், இரண்டு இட்லியைக் குறைத்த இடத்துக்கு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ போதும். விலையும் குறைவு, சுண்டலில் நார்ச்சத்தும் உண்டு. சீஸ் சாப்பிட்டால் நோய் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"ஆராய்ச்சியில் நல்லது என்று வந்திருக்கிறதே" என்று ஒரு சீட்டு. 21 நாடுகளில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ப்யூர் ஆய்வு 2018இல் வெளியானது. பால், தயிர் அதிகம் உண்டவர்களிடம் இதய நோய் குறைவாகத் தெரிந்தது. சீஸைத் தனியே எடுத்துப் பார்த்தபோது தெளிவான லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இப்படிக் கவனித்துப் பதிவுசெய்யும் ஆய்வு காரணத்தை நிரூபிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது உப்பு. இங்கே உட்கார்ந்திருக்கும் சர்க்கரைக்காரர்களில் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடாதவர்கள் கை தூக்குங்கள் என்றால் அதிகக் கைகள் எழாது. பொட்டலத்தில் வரும் ஸ்லைஸ் சீஸ் பெரும்பாலும் பதப்படுத்திய சீஸ். ஒரு ஸ்லைஸில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கும். நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 2,000. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. சிறுநீரில் புரதம் போகிறது, கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் ஸ்லைஸைத் தொடாமல் இருப்பது நல்லது. கட்டியாகாமல் சீராக உருக வேண்டும் என்பதற்காக அதில் பாஸ்பேட் உப்புகள் சேர்ப்பதுண்டு. பழுதான சிறுநீரகத்துக்கு அது சுமை.

பன்னீர் எப்படி என்கிறார்கள். பன்னீரில் உப்பு சேர்ப்பதில்லை, அந்த வகையில் மேல். கொழுப்பு 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் இருக்கும். எண்ணெயில் பொரித்து, வெண்ணெய்க் குழம்பில் மிதக்கவிட்டுச் சாப்பிட்டுவிட்டு என்னிடம் பன்னீரைப் பற்றிப் புகார் சொல்லாதீர்கள். தாவர எண்ணெயில் செய்த போலிச் சீஸும் கடைகளில் உண்டு. பொட்டலத்தின் பின்பக்கம் பொருட்பட்டியலில் பாலுக்குப் பக்கத்தில் பாமாயில் நிற்கிறதா என்று பாருங்கள். கண் தெரியவில்லை என்றால் பேத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். கண் தெரியவில்லை என்பதையே அலட்சியமாக விடாமல் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பட்ட ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்யாமல் இருந்தால் எப்படி?

கடைசிச் சீட்டு ஒரு அம்மாவுடையது. கணவருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வந்தபோது கையில் கிடைத்த சீஸைக் கொடுத்தாராம், சரிதானா என்கிறார். சரியில்லை அம்மா. சர்க்கரை 70க்குக் கீழே போய் கை நடுங்கி வியர்க்கும்போது சீஸ், முறுக்கு, பால் எதுவும் உடனே உதவாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள், இன்னும் ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். அவர் தெளிந்து உட்கார்ந்த பிறகு இரண்டு இட்லி கொடுங்கள், அப்போது கூடவே ஒரு துண்டு சீஸ் கேட்டாலும் கொடுக்கலாம்.